வெறுங்கட்டம் பொறுக்காத மனிதர்

ஒரு படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அது யாருடைய படிவம் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். வடமராட்சியில், பிரதேச செயலகத்துக்குப் போகிற வீதியில் அவருக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருந்தது, இப்போதும் இருக்கிறது. செயலகத்துக்குப் போகிறவர்கள் முதலில் அங்கேதான் ஏறுவார்கள். பிரதி எடுக்கக் கொடுத்த தாளை இயந்திரத்தில் வைக்குமுன் அவர் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை வாசிப்பார்.

"ஐயா, ஆறாம் இலக்கத்தை விட்டிட்டியள்."

"அது எனக்குத் தெரியாது தம்பி, உள்ளை கேட்டுப்போட்டு எழுதுவம் எண்டு…"

ஐயா வசனத்தை முடிக்குமுன் சட்டைப்பையிலிருந்து நீலப் பேனை வெளியே வந்துவிடும். ஆறாம் இலக்கம் நிரம்பிவிடும். பெரும்பாலும் சரியாகவே நிரம்பும். அதுதான் அவரிடமிருந்த சிக்கல். பிழை விடுகிற மனிதராக இருந்தால் யாராவது எப்போதாவது பேனையைப் பறித்திருப்பார்கள்.

நான் முப்பத்து மூன்று வருடம் சுகாதார சேவையில் இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பதினொரு வருடம் அந்தப் பக்கத்து சுகாதாரப் பணிமனை ஒன்றில் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி. கடிதத் தலைப்பில் அப்படி. ஊரில் வெறும் மிஸி. எந்தச் சுற்றறிக்கை எந்தச் சுற்றறிக்கையை ரத்துச் செய்தது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்படிப்பட்டவளுக்கு அவரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. எங்கள் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்கு வருகிற ஆண்களில் படிவம் என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மற்றவர்கள் பணிமனை வளவின் மூலையில் நின்ற வாகை மரத்துக்குக் கீழே மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்திருப்பார்கள். மழை பெய்தால் ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்வார்களே தவிர உள்ளே வரமாட்டார்கள். ஒருவரிடம் "உங்கடை மனிசிக்கு எத்தினை மாதம்?" என்று நான் கேட்டபோது, பொறுங்கோ மிஸி என்று சொல்லிவிட்டு, முப்பது அடி தள்ளி உள்ளே இருந்த மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார்.

அவர் அப்படியில்லை. இரண்டாவது பிள்ளைக்கு முதல்முறை கிளினிக்குக்கு வந்த அன்றே மனைவிக்கு முன்னால் உள்ளே வந்தார். கையில் வளையம் போட்ட பெரிய ஃபைல். முதல் பிள்ளையின் சிசேரியன் குறிப்பு, இரத்தப் பரிசோதனைகள், ஸ்கான் தாள்கள், எல்லாம் திகதி வாரியாகக் கண்ணாடி உறைக்குள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி. மனைவி பின்னால் வந்து கதிரையின் நுனியில் இருந்தா. மெலிந்த பெண். கலியாணத்துக்கு முன் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவ என்று கர்ப்பிணி அட்டையில் எழுதியிருந்தது. முப்பது சின்னப் பிள்ளைகளைக் கத்தி அடக்கிய குரல் அவவிடம் இருந்திருக்கவேண்டும். நான் கேட்டதில்லை.

"கடைசி மாதவிலக்கு எப்ப பிள்ளை?" என்று அவவைப் பார்த்துக் கேட்டேன்.

அவர் திகதியைச் சொன்னார். "இருபத்தெட்டு நாள் சுற்று மிஸி. ஒருக்கா மட்டும் முப்பது வந்தது."

"சத்தி, குமட்டல் இருக்கோ?"

"காலமையிலை எங்களுக்குச் சத்தி. மத்தியானம் நெஞ்செரிவு. தோடம்பழம் சாப்பிட்டால் கூடுது எண்டு கண்டுபிடிச்சு இப்ப நிப்பாட்டியிருக்கிறம்."

எங்கள் மிட்வைஃப் பிள்ளை சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே எதையோ தேடினாள். நான் சிரிக்கவில்லை. அவர் போனபிறகு அவளிடம் சொன்னேன்: "சிரிக்காதை. உவரைப் போலை பத்துப் பேர் வந்தால் எங்கடை வேலை அரைவாசி."

சொன்னதோடு நிற்கவில்லை. கணவன்மாரை கிளினிக்குக்குள் கொண்டுவரவேண்டும் என்று மேலிடம் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்த காலம். நான் ஒரு வெள்ளைக் காட்போட்டில் என் கையாலேயே எழுதிக் கதவில் ஒட்டினேன்: 'கணவருடன் வரும் தாய்மாருக்கு முன்னுரிமை வழங்கப்படும்.' அவரைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது. அவர் அதைக் கண்டுவிட்டு, மழைக்கு ஊறிவிடும் மிஸி என்று கழற்றிக்கொண்டு போய் லமினேட் செய்து கொண்டுவந்து தந்தார்.

மிட்வைஃப் பிள்ளைக்கு அந்த அறிவித்தல் பிடிக்கவில்லை. "மனுசன் கடலுக்குப் போனதுகள், வெளிநாட்டிலை இருக்கிறதுகள், விட்டிட்டுப் போனதுகள், அதுகள் என்ன செய்யிறது மிஸி? கடைசியிலையோ இருக்கிறது?" என்று கேட்டாள். விதிவிலக்குகளைப் பிறகு பார்ப்போம் என்றேன். அரச சேவையில் விதிவிலக்குகளைப் பிறகுதான் பார்ப்பது.

இன்னொன்றும் அவள் சொன்னாள். ஒவ்வொரு கர்ப்பிணியையும் ஒருமுறையாவது தனியாக வைத்துக் கதைக்கவேண்டும் என்பது எங்கள் நடைமுறை. வீட்டில் அடி உதை இருக்கிறதா, இந்தப் பிள்ளை விரும்பித்தான் வந்ததா, இனி வேண்டுமா என்பதையெல்லாம் கணவனுக்கு முன்னால் கேட்க முடியாது. "அந்த அக்காவோடை ஒருக்காலும் தனியக் கதைக்கேல்லை மிஸி. அவரை வெளியிலை இருக்கச் சொல்லுங்கோ."

"உந்த மனிசனையோ? அடிக்கிற ஆள் மாதிரியோ தெரியுது?" என்றேன். 'தனியாகக் கதைக்கப்பட்டது' என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டேன். வெறுங்கட்டம் பொறுக்காதவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

அவர் அடிக்கிற ஆள் இல்லை. இதைத் தெளிவாக எழுதிவிடவேண்டும், இல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் சுலபமாகத் தப்பிவிடுவார்கள். குடிக்கமாட்டார். சிசேரியன் நாளில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் காலை ஐந்து மணிக்கு நின்ற மனிதர். பத்தியக் கறி தானே வைத்தார். மூத்தவளுக்குத் தலைபின்னத் தெரியும். இரத்தசோகைக்கு எந்தக் கீரை, இரும்புக் குளிசையை ஏன் தேத்தண்ணியோடு விழுங்கக்கூடாது, எல்லாம் தெரியும். நாங்கள் நடத்துகிற தந்தையர் வகுப்பில் பாதிக் கேள்விகளுக்கு எனக்கு முன்னால் அவரே பதில் சொல்வார். வகுப்புக்கான துண்டுப்பிரசுரங்களையும் அவரே இலவசமாகப் பிரதி எடுத்துத் தருவார்.

இரண்டாவது சிசேரியனுக்குப் பிறகு, மூன்று வருடத்துக்காவது இடைவெளி விடும்படி வைத்திய நிபுணர் எழுதிவிட்டிருந்தார். மிட்வைஃப் பிள்ளை வீட்டுக்குப் போய் கருத்தடை ஊசி, கைத்தோலுக்குள் வைக்கிற குச்சி, லூப் எல்லாவற்றையும் விளக்கினாள். மனைவி குச்சியை எடுத்துப் பார்த்தாவாம். அவர் பக்கத்திலிருந்து, ஒவ்வொன்றுக்கும் உள்ள பக்கவிளைவுகளை இணையத்தில் எடுத்து அச்சடித்து வைத்திருந்த தாளை வாசித்தாராம். "இவவின்ரை உடம்பை உதுகளாலை பழுதாக்கேலாது. நாங்கள் நாள் பார்த்து நடக்கிறம்."

நாள் பார்ப்பது எப்படி என்பதை நான் அவருடைய கடையில் கண்டேன். பணிமனை அறிக்கை ஒன்று பிரதி எடுக்கப் போயிருந்தேன். சுவரில் சாமிப் படம் போட்ட கலண்டர். சில நாட்களில் சிவப்புப் புள்ளி, சில நாட்களில் பச்சை. சம்பளத் திகதியாக்கும், மின்சாரக் கட்டணமாக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை அந்தப் புள்ளிகள் திரும்பி வருவது சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது. செயலகத்துக்குப் போகிற ஊரெல்லாம் ஏறி இறங்குகிற கடை. அவருக்கு அதில் கூச்சம் எதுவும் இருக்கவில்லை. அவருக்கு அதுவும் ஒரு பதிவு.

புள்ளிகள் கைவிட்டன. ஒரு வருடமும் பத்து மாதமும் கழித்து அவர்கள் மூன்றாவது பிள்ளைக்கு வந்தார்கள். ஃபைல் தடித்திருந்தது. முன்னுரிமையில் முதலாவதாக உள்ளே வந்தார்கள். "இது எங்களுக்குப் பிளான் பண்ணாதது மிஸி, ஆனால் சந்தோசம்" என்றார். அவ என் மேசையிலிருந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

அது நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். ஒரு வியாழக்கிழமை அவர் விடியற்காலையிலிருந்து எரிபொருள் நிலையத்தில் நிற்க, அவ ஆறு மாத வயிற்றோடு பஸ் ஏறித் தனியாக வந்திருந்தா. கணவருடன் வந்தவர்கள் முதலில் போனார்கள். அன்றைக்கு மற்ற எல்லாரையும் கணவன்மாரே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அவவின் முறை வரும்போது டொக்டர் வேறொரு கிளினிக்குக்குப் போய்விட்டார். மற்றவர்கள் எல்லாரும் போனபிறகு அவ என் மேசைக்கு வந்தா. இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"மிஸி, இந்த முறை வெட்டேக்கை நிப்பாட்டுற ஒப்பரேசனையும் செய்துவிடச் சொல்லி எழுதித் தருவியளோ?"

அவவின் குரலை முழு வசனமாக நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னக் குரல் இல்லை.

"அவருக்குச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். அவர் வேண்டாமாம்."

"அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன். நல்ல மனிசன். நான் விளங்கப்படுத்துறன்."

"அவர் வந்தால் நான் கதைக்கேலாது மிஸி." கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இது எனக்கும் உங்களுக்கும் இடையிலை இருக்கட்டும்" என்றா.

எனக்கு அப்போது எல்லாம் தெரியும். வயது சரி. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், மூன்றாவது சிசேரியன், மருத்துவக் காரணம் பலமானது. கணவனின் கையெழுத்து கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கையிலும் நான் வாசித்ததில்லை. அது கேட்டுக் கேட்டுப் பழகின பழக்கம். சம்மதப் படிவத்தில் அவவின் கையெழுத்துப் போதும். ஆனால் நாளைக்கு அவர் வந்து நின்று கேள்வி கேட்டால்? இவ்வளவு ஒத்துழைக்கிற மனிதர், பணிமனையைப் பற்றி என்ன நினைப்பார்? நான் பேனையை எடுத்து அவவின் அட்டையில் எழுதினேன்: 'நிரந்தரக் கருத்தடை கோருகிறார். கணவருடன் கலந்தாலோசித்து வரும்படி கூறப்பட்டது.' திகதி போட்டு, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தினேன்.

கர்ப்பிணிக்கு இரண்டு அட்டைகள் உண்டு. ஒன்று தாயோடு வீட்டுக்குப் போவது. மற்றது மிட்வைஃபிடம் இருப்பது. வெளியே தெரியக்கூடாததை இரண்டாவதில் எழுதலாம். புதிதாக வருகிற மிட்வைஃப்மாருக்கு அதைப் படிப்பித்தவளே நான்தான். நான் எழுதியது முதலாவதில். அவ வாசித்தா. அழித்துவிடுங்கோ என்று கேட்கவில்லை. அட்டையை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனா. அந்த அட்டை அன்றே கண்ணாடி உறைக்குள் போய் இரண்டு பிரதி எடுபடும் என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அல்லது உறைத்திருக்கவேண்டும்.

அடுத்த கிளினிக்குக்கு அவர் ஃபைலோடு வந்தார். கோபம் எதுவும் இல்லை. கோபித்திருந்தால் நானும் இரண்டு கதை கதைத்திருப்பேன்.

"மிஸி, இவ உங்களிட்டை ஏதோ கேட்டவவாம். பயத்திலை கேட்டிருக்கிறா. வீட்டை வடிவாய்க் கதைச்சு முடிவெடுத்திட்டம்."

"என்ன முடிவு பிள்ளை?" என்று அவவைக் கேட்டேன்.

"நீர் இரும், நான் சொல்லுறன்" என்றார் அவர். "தேவையில்லாமல் இன்னொரு இடத்தை ஏன் வெட்டுவான்? இருக்கட்டும் மிஸி. பேந்து தேவைப்பட்டால் என்ன செய்யிறது?"

"அப்ப நீங்கள் செய்யலாமே. ஆம்பிளையளுக்குச் சின்ன வேலை. அரை மணித்தியாலத்திலை வீட்டை போகலாம். உங்களுக்குத் தெரியாததோ?"

அவருக்குத் தெரியும். ஆண்களுக்கான கருத்தடைத் துண்டுப்பிரசுரத்தை நூறு பிரதி எடுத்துத் தந்தவர் அவர்தானே. பக்கத்து மேசையில் மிட்வைஃப் பிள்ளை எழுதுவதை நிறுத்தினாள். அவர் என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாகச் சிரித்தார். "மிஸிக்கு எப்பவும் பகிடிதான்" என்றார். பிறகு ஃபைலை மூடி வளையத்தைச் சொடுக்கினார். அவவைக் கூட்டிக்கொண்டு எழுந்துபோனார்.

மூன்றாவது சிசேரியன் நடந்தது. நிப்பாட்டுற ஒப்பரேசன் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் கேட்டிருக்கிறார்கள், அங்கேயும் அவரே பதில் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடத்துக்குள் நாலாவது. இந்த முறை நச்சுக்கொடி பழைய வெட்டுத் தழும்பில் ஒட்டி உள்ளே வேரோடிவிட்டது என்று ஸ்கானில் கண்டார்கள். எட்டாம் மாதத்தில் இரத்தம் போகத் தொடங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினார்கள். பன்னிரண்டு பை இரத்தம் ஏற்றினார்களாம். பிள்ளையை எடுத்து, கர்ப்பப்பையையும் எடுத்துத்தான் அவவை மீட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரி விடுதிக்குப் போனபோது அவர் வெளி விறாந்தையில் நின்றார். மூன்று நாள் தாடி. என்னைக் கண்டதும் அழுதார். பாசாங்கு இல்லை, அந்த மனிதர் அவவில் உயிர். "எல்லாத்திலையும் சைன் வைச்சனான் மிஸி. கேட்ட எல்லாத்திலையும். ஒண்டிலையும் பிந்தேல்லை" என்றார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது? பிள்ளை தப்பிவிட்டது, தாய் தப்பிவிட்டா, கடவுள் காப்பாற்றினார் என்று ஊர் சொன்னது. அவ கேட்டதும் கடைசியில் கிடைத்துவிட்டது. எங்கள் துண்டுப்பிரசுரத்தில் இல்லாத முறையில் கிடைத்தது.

அடுத்த வருடம் முன்மாதிரித் தந்தையரைத் தெரிவுசெய்து அனுப்பும்படி ஒரு படிவம் வந்தது. பன்னிரண்டு கேள்விகள். கிளினிக்குக்கு எத்தனை முறை வந்தார், ஆபத்து அறிகுறிகள் தெரியுமா, ஆஸ்பத்திரிக்கு உடன் சென்றாரா… அவருக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மிட்வைஃப் பிள்ளை படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மனிசியிட்டைக் கேக்கிற கேள்வி ஒண்டும் இல்லையே மிஸி?"

"இல்லை."

"அப்ப நீங்கள் உதிலை சைன் வைக்கப் போறியளோ?"

மறுக்க ஒரு விதியைத் தேடினேன். எல்லா விதியும் தெரிந்தவளுக்கு ஒரு விதியும் அகப்படவில்லை. கையெழுத்து வைத்தேன். அவள் ஒரு கிழமை என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் கதைத்தாள். சான்றிதழை அவர் லமினேட் செய்து கடையில், கலண்டர் தொங்கிய ஆணியில் மாட்டியிருந்தார். கலண்டருக்கு இனி வேலை இல்லைத்தானே.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் கதவிலிருந்த அறிவித்தலை நானே கழற்றினேன். லமினேட் செய்த காட்போட் கிழியாது. இரண்டு கையாலும் முயன்று பார்த்துவிட்டுக் குப்பைக்கூடைக்குள் வளைத்துத் தள்ளினேன்.

போன தை மாதம் ஓய்வூதியக்காரர் உயிரோடிருப்பதற்கான சான்றிதழைக் கொடுக்கவேண்டியிருந்தது. அந்தப் படிவத்தைப் பிரதி எடுக்க அவருடைய கடைக்குப் போனேன். அவர் இல்லை. அவதான் இருந்தா. நன்றாக வெளுத்திருந்தா. இடுப்பில் ஒரு கை வைத்தபடி எழும்பி வந்தா.

"சுகமோ பிள்ளை?"

"இருக்கிறன் மிஸி."

படிவத்தை வாங்கி மேசையில் வைத்தா. இயந்திரத்தைப் போடவில்லை.

"ஒண்டு கேக்கவோ மிஸி? அண்டைக்கு ஏன் அதை அந்த அட்டையிலை எழுதினனீங்கள்?"

"நடைமுறை பிள்ளை" என்றேன். வாய் தன்பாட்டில் சொன்னது.

"ரெண்டு அட்டை இருக்கெண்டு பேந்து மிட்வைஃப் தங்கச்சி சொன்னவ." அவவின் முகத்தில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. களைத்துப்போன ஆளிடம் கோபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "நான் அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொன்னனான். நீங்கள் வேறை ஆள் எண்டு நினைச்சுச் சொன்னனான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எதைச் சொல்ல வந்தேன் என்று இப்போது நினைவில்லை. மன்னிப்பாக இருந்திருக்கும் என்று நம்ப விருப்பம். வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவர் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, மிஸி! தேத்தண்ணி குடிச்சியளோ? என்னவாம் இவ?"

"ஒண்டும் இல்லை" என்றேன். அவவின் கதை ஒன்றை நான் அவருக்குச் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

அவர் பிள்ளையை அவவின் கையில் கொடுத்துவிட்டு மேசையிலிருந்த என் படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நாலாம் இலக்கம் வெறுமையாய்க் கிடக்கு மிஸி" என்று சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனார்.

"என்ரையை நான் எழுதுவன்" என்றேன். கொஞ்சம் உரத்துத்தான் சொல்லியிருக்கவேண்டும். அவர் கையை எடுத்தார். அவ பிள்ளையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து ஒரு பேனையை எடுத்து எனக்கு முன்னால் வைத்தா.

நாலாம் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். "ஒரு கொப்பி போதும் தம்பி."

"ஓம் மிஸி, ஓம்" என்றார் அவர். இயந்திரத்தில் தாளை வைத்தார். வெளிச்சம் ஒருமுறை ஓடியது. பிறகு இன்னொருமுறை ஓடியது. இரண்டு தாளையும் வடிவாகச் சேர்த்து, ஓரம் தட்டி என்னிடம் நீட்டினார்.

"இருக்கட்டும் மிஸி. பேந்து தேவைப்படும்."